கோல சிலாங்கூர்: ஆற்றுமுகத்து ஆட்சிகள் – பகுதி 6: தோட்ட வாசலோடு நின்ற டவுன் போர்டு

சென்ற பகுதியை 1871 ஜூலையோடு நிறுத்தியிருந்தோம். ஆங்கிலேயரின் ரினால்டோ போர்க்கப்பல் ஆற்றுமுகத்துக்கு வந்து, ராஜா மஹ்டி தரப்பினர் கையிலிருந்த கோட்டையைச் சுட்டுத் தகர்த்த மாதம் அது. மூன்றாண்டுகளில் சிலாங்கூருக்கு ஆங்கிலேய ரெசிடெண்ட் வந்துவிட்டார். மலாவத்தி குன்றின்மேல் பீரங்கிகள் துருப்பிடிக்கத் தொடங்கின. 1784இல் கோட்டையைப் பிடித்துக் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரைச் சூட்டிய டச்சுக்காரர்கள், மறு ஆண்டே அதைச் சுல்தான் இப்ராஹிமிடம் பறிகொடுத்தார்கள். அந்தப் பெயர் பின்னாளில் 1907இல் அங்கே எழுந்த கலங்கரை விளக்கத்துக்கு வாய்த்தது. குன்றின் கதை அதோடு போகட்டும். இந்தப் பகுதியில் நாம் பார்க்கப்போவது சாக்கடை, குப்பை, தெருவிளக்கு ஆகியவற்றின் வரலாறு. அரசர்கள் வராத வரலாறு என்பதால் இதை யாரும் அதிகம் எழுதுவதில்லை.

ரெசிடெண்ட் ஆட்சியின் கீழ் மாவட்டத்தில் எல்லாம் ஒரே நாற்காலியில் குவிந்தன. முதலில் கலெக்டர், மாஜிஸ்திரேட் என்று அழைக்கப்பட்டு, பிறகு மாவட்ட அதிகாரி ஆனவர் அந்த நாற்காலிக்காரர். ஜெராம், ஈஜோக், அப்பி-அப்பி, பாசாங்கான், தஞ்சோங் காராங் என்ற முக்கிம்களில் அவருக்குக் கீழே பெங்குலுகள் இருந்தார்கள். நிலத்துக்குப் பட்டா கொடுப்பவர் அவர், நிலவரி வசூலிப்பவர் அவர், வழக்கைக் கேட்டுத் தண்டிப்பவரும் அவர்தான். சிறு பட்டணங்களுக்குச் சானிட்டரி போர்டு என்ற ஏற்பாடு வந்தபோது அதன் தலைமையும் அவர் மடியிலேயே விழுந்தது.

கோலாலம்பூரில் 1890இல் தொடங்கியது இந்தச் சானிட்டரி போர்டு முறை. பிறகு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பரவியது. 1930இல் சட்டம் மாறி டவுன் போர்டு என்று பெயர் பெற்றது. பெயர் மாறினாலும் வேலை மாறவில்லை. சந்தையை நடத்துவது, மலக்கூடை எடுப்பது, கால்வாய் தோண்டுவது, ஆடு மாடு அறுக்கும் கொட்டகையைப் பார்ப்பது, கடைவீட்டுக் கூரைக்கு அத்தாப்பு போடலாமா கூடாதா என்று தீர்ப்பது. உறுப்பினர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அதிகாரிகள் பாதி, அரசு பொறுக்கியெடுத்த வியாபாரிகளும் பெரிய மனிதர்களும் மீதி. வரிப்பணமும் போர்டின் பெட்டியில் தங்காது. மாநிலக் கஜானாவுக்குப் போய், அங்கிருந்து செலவுக்குத் திரும்பி வரும். இதை மக்களாட்சியின் தொட்டில் என்று பாராட்டுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது மாவட்ட அலுவலகத்தின் துடைப்பக் கிளை, அவ்வளவுதான்.

அந்தத் துடைப்பத்தைப் பிடித்த கைகள் பெரும்பாலும் நம்மவர்களுடையவை. மலாயாவின் பட்டணங்களில் தெருக் கூட்டவும் வாளி தூக்கவும் சாலைக்குக் கல் உடைக்கவும் தமிழரும் தெலுங்கரும் அமர்த்தப்பட்டார்கள். அரசாங்க அலுவலகங்களின் மேசைகளில் யாழ்ப்பாணத்துக் கிளார்க்குகள் கணக்கு எழுதினார்கள். கடைத்தெருக்களில் செட்டியார்கள் வட்டிக்கு விட்டார்கள். பட்டணத்துத் தமிழர் இத்தனை வகையாக இருந்தும், மாவட்டத்தில் அவர்கள் சிறு கூட்டமே. பெருங்கூட்டம் பட்டணத்துக்கு வெளியே, பால்மரத்தின் அடியில் இருந்தது.

போர்டின் எல்லை எங்கே முடிந்தது என்பதுதான் நம் கதையின் முடிச்சு. கடைவீடுகள், சந்தை, போலீஸ் ஸ்டேஷன் ஆகியவற்றைச் சுற்றி ஒரு கோடு போட்டு, அரசிதழில் அறிவித்து, அதற்குள்தான் போர்டு வேலை செய்தது. தோட்டங்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே. அவை நிலவரி கட்டின, ரப்பருக்கு ஏற்றுமதித் தீர்வை கட்டின. அந்தப் பணம் போர்டுக்கு வரவில்லை. லயத்து வீட்டுக்கு வரிச்சீட்டு வந்ததில்லை, ஆகவே லயத்துக் குப்பையைப் பற்றிப் போர்டைக் கேட்க அங்கிருப்பவருக்கு உரிமையும் இல்லை. தோட்டத்து வாசலுக்கு அப்பால் குடிநீர், மருந்து, பள்ளிக்கூடம், தண்டனை எல்லாமே கம்பெனியின் பொறுப்பு. அதாவது துரையின் பொறுப்பு.

அந்த உலகம் எப்படி உருவானது என்பதற்கு ஆற்றோரத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. பிரான்சின் பார்பெசியே ஊரில் 1879இல் பிறந்த ஆன்றி ஃபொக்கோனியே 1905இல் மலாயாவுக்கு வந்தார். சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங் என்ற இடத்தில் காடு வெட்டி ரப்பர் நட்டார். நேரம் அவருக்கு அமைந்தது. 1910இல் லண்டன் சந்தையில் ரப்பர் விலை ஒரு பவுண்டுக்குப் பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டியது. அதுவரை ரப்பர் அப்படி ஒரு விலையைக் கண்டதில்லை. சில ஆண்டுகளில் இந்தக் கரையோரம் முழுவதும் கம்பெனிகள் மொய்த்தன. புக்கிட் ரோத்தான், ஹோப்ஃபுல், சிலாங்கூர் ரிவர், ரிவர்சைட், ராஜா மூசா, புக்கிட் செராக்கா என்று இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் நாம் வாசிக்கும் தோட்டங்கள் இந்த அலையின் பிள்ளைகள்.

ஃபொக்கோனியே ரப்பரோடு நிற்கவில்லை. சுமத்ராவிலிருந்து வந்த செம்பனை விதைகளை 1911, 1912 வாக்கில் ரந்தாவ் பாஞ்சாங்கில் ஊன்றினார். முதலில் அது அழகுக்கு வளர்த்த மரம். பிறகு பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தெனாமாரம் தோட்டத்தில், 1917இல், வணிகத்துக்கென்றே செம்பனை நட்டார். நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் அது. இன்று மலேசியாவில் எங்கு பார்த்தாலும் கண்ணுக்கெட்டும் தூரம் பச்சைக் கடலாகத் தெரியும் செம்பனைக்கு இந்தச் சின்ன மாவட்டம்தான் தாய்வீடு. ஃபொக்கோனியே பின்னாளில் ‘மலேசி’ என்ற நாவலை எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கிக்கொண்டார். தோட்ட முதலாளி ஒருவர் இலக்கியப் பரிசு வாங்கினார் என்பது வியப்பு. அவருடைய கூலிக் கணக்குப் புத்தகத்தை யாராவது பதிப்பித்திருந்தால் அது இன்னும் பெரிய இலக்கியமாக இருந்திருக்கும் என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன்.

தோட்டத்து ஆட்சி ஒரு முழு அரசாங்கம். விடியுமுன் பிரட்டு. பெயர் கூப்பிடுவது கிராணி, வேலை பிரிப்பது கங்காணி, மேலே தண்டல், எல்லாருக்கும் மேலே துரை. காய்ச்சல் என்றால் டிரசர். பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகைப் பள்ளி. 1923இன் தொழிலாளர் சட்டம் ஒரு விதி வைத்தது. ஒரே இனத்தைச் சேர்ந்த, ஏழு முதல் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பத்துப் பிள்ளைகள் ஒரு தோட்டத்தில் இருந்தால் கம்பெனி பள்ளிக்கூடம் நடத்த வேண்டும். நம் தமிழ்ப்பள்ளிகளின் பிறப்புச் சீட்டு இந்த விதிதான். சட்டம் நல்லது, நடத்துபவர் மனம்போலத்தான் நடந்தது. பல இடங்களில் காலையில் கணக்கெழுதிய கிராணியே பகலில் வாத்தியார்.

கொசுவின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1901 முதல் கிள்ளானில் மாவட்ட அறுவை மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடித்துக் காய்ச்சலைக் குறைக்கலாம் என்று காட்டினார். அவருடைய அனுபவம் கடலோரத் தோட்டங்களுக்கெல்லாம் பாடமானது. ஆனால் கொசுவுக்குத் தோட்ட எல்லை தெரியாது. ஒரு தோட்டம் கால்வாய் வெட்டி, பக்கத்துத் தோட்டம் வெட்டாவிட்டால் பயன் இல்லை. அதனால் 1926இல் தோட்டங்கள் எல்லாம் வரி கட்டி ஒன்றாக மருத்துவமனையும் துப்புரவும் நடத்தச் சுகாதார வாரியச் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. தோட்டப்புறத்துக்கும் ஒரு பொது நிர்வாகம் வந்திருக்கக்கூடிய தருணம் அது. தோட்ட முதலாளிகள் கையை இறுக்கிக்கொண்டார்கள். 1930களின் விலைவீழ்ச்சியில் அந்தத் திட்டம் மூடப்பட்டது. அந்த வாரியம் நிலைத்திருந்தால் நம் கதை வேறு வழியில் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

வாசல் எவ்வளவு இறுக்கமானது என்பது 1941இல் வெளிப்பட்டது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் ‘தமிழ் நேசன்’ ஏட்டில் பணியாற்றியவர். அவர் தலைமையில் கிள்ளான் வட்டாரத்தில் மூண்ட வேலைநிறுத்தம் சிலாங்கூர் தோட்டங்கள் பலவற்றுக்குப் பரவியது. சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி கேட்டார்கள். அது எல்லாரும் எதிர்பார்த்த கோரிக்கை. மற்றவற்றைப் படித்தால்தான் தோட்டத்து ஆட்சியின் உருவம் தெரியும். துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக விட வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையை நான் பலமுறை திரும்பிப் படித்திருக்கிறேன். சொந்த மாமன் வீட்டுக்கு வருவதற்குக்கூடத் துரையின் அனுமதி தேவைப்பட்ட இடத்தில் டவுன் போர்டுக்கு என்ன வேலை? நாதன் மே மாதம் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். சில மாதங்களில் ஜப்பானியர் வந்து, இதே லயங்களிலிருந்து ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பெருந்துயருக்கு இத்தொடரில் தனிப்பகுதி வரும்.

போருக்குப் பின் 1948 ஜூனில் அவசரகாலம். 1950இல் பிரிக்ஸ் திட்டம். காட்டோரத்துச் சீனக் குடியானவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் நாடெங்கும் முள்வேலிக்குள் புதுக்கிராமங்களாகக் குடியமர்த்தப்பட்டார்கள். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் திரட்டி வேலி போட்டார்கள். இரவில் ஊரடங்கு, காலையில் வாசலில் சோதனை. வேலிக்குள் இருந்த துன்பம் இரண்டு சமூகத்துக்கும் ஒன்றுதான். வேலி போன பிறகு கிடைத்தது ஒன்றல்ல. 1952இல் உள்ளூர் மன்றச் சட்டம் வந்தது. புதுக்கிராமங்களும் கம்பங்களும் வரி வசூலித்து, தாங்களே உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து, தங்கள் சாக்கடையைத் தாங்களே பார்த்துக்கொள்ள வழி செய்தது. புதுக்கிராமம் அரசு நிலத்தில் நின்றது, அதற்கு மன்றம் அமைக்கலாம். தோட்டத்து லயம் கம்பெனி நிலத்தில் நின்றது, அதற்கு அமைக்க முடியாது. காரணம் இவ்வளவு எளிது. முள்வேலிக்குள்ளிருந்து வெளியே வந்த சீனக் கிராமத்தான் கையில் வாக்குச் சீட்டோடு வந்தான். தமிழன் அதே பிரட்டுக்குத் திரும்பினான்.

பட்டணங்களில் தேர்தல் சூடு பிடித்தது. 1951 டிசம்பரில் பினாங்கு ஜார்ஜ் டவுனும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரும் வாக்களித்தன. சுதந்திரத்துக்கு முன்பே நாட்டின் அரசியல் கூட்டணிகள் இந்த உள்ளூர்த் தேர்தல்களில்தான் கைகுலுக்கின. ஆனால் அந்த வாழ்வு நீளவில்லை. இந்தோனேசியாவுடன் மோதல் நடந்துகொண்டிருந்த 1965 மார்ச்சில் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தற்காலிகம் என்றார்கள்.

இந்த இடத்தில் ஒரு தமிழர் வருகிறார். உள்ளாட்சிகளின் செயல்பாட்டை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைவர், செனட்டர் ஆதி நாகப்பன். வழக்கறிஞர், ம.இ.கா.காரர். அவர் மனைவி ஜானகி நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்தவர். மேற்கு மலேசியா முழுவதும் விசாரித்து ஆணையம் 1968இல் அறிக்கை கொடுத்தது. உள்ளாட்சிகளின் ஊழலையும் திறமையின்மையையும் அது மறைக்கவில்லை. அவற்றை எல்லாம் எழுதிய பிறகும், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. நியாயமான அறிக்கை. அரசு ஏற்கவில்லை.

நாட்டில் அப்போது மாநகரம், நகராண்மை, டவுன் போர்டு, கிராமப்புற மாவட்ட மன்றம், உள்ளூர் மன்றம் என்று பல வகையில் 374 உள்ளாட்சி அமைப்புகள் இருந்தன. பாதிக்கு மேல் சிறியவை, கடனில் தத்தளித்தவை. அவற்றை ஒன்றிணைக்க வேண்டும் என்பதில் தவறில்லை. 1973இன் தற்காலிகச் சட்டம், 1976இன் உள்ளாட்சிச் சட்டம் இரண்டும் இணைப்போடு தேர்தலையும் சேர்த்துப் புதைத்தன. இனி மன்றத்தில் எட்டுக்குக் குறையாமல் இருபத்து நான்குக்கு மேற்படாமல் உறுப்பினர்கள். அனைவரும் மாநில அரசின் நியமனம். சிறு பட்டணங்களும் கிராமங்களும் சேர்ந்த கோல சிலாங்கூர் மாவட்ட மன்றம் இந்த ஏற்பாட்டின் பிள்ளை. நாட்டின் பல மாவட்ட மன்றங்களில் தலைவர் நாற்காலியில் யார் உட்கார்ந்தார் தெரியுமா? மாவட்ட அதிகாரி. எண்பது ஆண்டு சுற்றிச் சானிட்டரி போர்டின் வாசலுக்கே வந்து சேர்ந்தோம்.

அதே காலத்தில்தான் தோட்டத்து வாசலும் திறக்கத் தொடங்கியது. திறந்த விதம் நாம் விரும்பிய விதமல்ல. ரப்பர் வெட்டிச் செம்பனை நட்டதில் ஆட்கள் குறைந்தார்கள். எண்பதுகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். தொண்ணூறுகளில் நிலம் வீடமைப்புக்கு விலைபோனது. செராக்கா பக்கத்துக் காடும் தோட்டமும் புஞ்சாக் ஆலாம் ஆயின. பால் வெட்டியவர் பிள்ளைகள் வெளியேறி, மலிவு அடுக்குமாடிகளிலும் புறம்போக்கிலும் குடியேறினார்கள். முதன்முறையாக அவர்கள் மாவட்ட மன்றத்தின் எல்லைக்குள் வந்தார்கள். கேட்க உரிமை வந்தது. கேட்பதற்கு வாக்கால் அமர்த்திய உறுப்பினர் மட்டும் இல்லை.

இந்த வெற்றிடம் எப்படி நிரம்பியது என்பதை ஈஜோக் சட்டமன்றத் தொகுதி காட்டியது. ம.இ.கா.வின் கே. சிவலிங்கம் காலமானதால் 2007 ஏப்ரல் 28இல் அங்கே இடைத்தேர்தல் நடந்தது. தேசிய முன்னணி சார்பில் கே. பார்த்திபன், எதிரே பி.கே.ஆரின் காலிட் இப்ராஹிம். பிரசாரத்தோடு தார்ச்சாலையும் தெருவிளக்கும் கால்வாயும் சேர்ந்து வந்தன. ஆண்டுக்கணக்கில் எழுதிக் கொடுத்த மனுக்களுக்கெல்லாம் வாரக்கணக்கில் பதில் கிடைத்தது. பார்த்திபன் 1,850 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். உள்ளாட்சி உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க முடியாத ஊர், சட்டமன்றத் தேர்தலை வைத்துக்கொண்டு கால்வாயை வாங்கிக்கொண்டது. அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு எந்த ஜன்னல் அவர்களுக்குத் திறந்திருந்தது? 2008 பொதுத்தேர்தலில் அதே ஈஜோக்கில் காலிட் வென்று மந்திரி பெசாரே ஆனார்.

புதிய மாநில அரசு உள்ளாட்சித் தேர்தல் கேட்டு 2010இல் தேர்தல் ஆணையத்துக்கு எழுதியது. ஆணையம் கைவிரித்தது. மத்தியச் சட்டம் மாறாமல் ஆகாது என்பது நிலைமை. 2012இல் பினாங்கு தனிச்சட்டமே இயற்றிப் பார்த்தது. அதுவும் 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் நின்றுபோனது. சிலாங்கூர் தன்னால் ஆனதைச் செய்தது. தோட்டத் தொழிலாளர் நலத்துக்கென்று ஓர் ஆட்சிக்குழு உறுப்பினர் பொறுப்பு உருவானது. டாக்டர் சேவியர் ஜெயகுமார் அதை ஏற்றார். இந்தியர் சமூகத் தலைவர்கள் என்ற நியமனப் பதவியும் வந்தது. தோட்டத்து மக்களின் குரல் அதிகாரியின் மேசைவரை போவதற்கு ஓர் ஆள் கிடைத்தார் என்ற அளவில் அது முன்னேற்றமே. அவரும் மேலிருந்து வைக்கப்பட்டவர் என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

2021இல் மாவட்ட மன்றம் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது. 2010இல் சுமார் இரண்டு லட்சமாக இருந்த மாவட்ட மக்கள் தொகை 2020இல் இரண்டு லட்சத்து எண்பதாயிரத்தை எட்டியிருந்தது. வளர்ச்சியில் பெரும்பங்கு புஞ்சாக் ஆலாம் பக்கத்துப் புது வீடமைப்புகளுடையது. பத்தாங் பெர்ஜுந்தையும் 2007இலேயே பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது.

அந்தப் பெஸ்தாரி ஜெயாவில்தான் கணக்கு இன்னும் தீராமல் இருந்தது. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் நிலம் தொண்ணூறுகளில் கைமாறியது. முன்னாள் தொழிலாளர்களுக்குச் சொந்த வீடு என்ற வாக்குறுதி எழுந்தது. தேர்தல்கள் வந்தன, அமைச்சர்கள் வந்தார்கள், வாக்குறுதி புதுப்பிக்கப்பட்டது. வீடு வரவில்லை. தோட்டம் மூடியபின் கம்பெனிக்குப் பொறுப்பில்லை, தனியார் நிலம் என்பதால் மன்றத்துக்கும் பொறுப்பில்லை என்ற பழைய பதில் முப்பது ஆண்டுகள் உழைத்தது. 2023இல்தான் மத்திய அரசு இந்த ஐந்து தோட்டத்து 245 குடும்பங்களுக்கு வீடு கட்டும் திட்டத்தைக் கையில் எடுத்தது. அந்தக் குடும்பங்களில் பலரின் பாட்டன், பூட்டன் காலம் வரை இந்த ஆற்றோரத்திலேயே வேர் இருக்கிறது.

அடுத்த பகுதியில் ஆற்றைக் கடந்து வடக்கே போகிறோம். தஞ்சோங் காராங் சதுப்பில் 1930களில் வெட்டிய வாய்க்கால்கள், அங்கே வந்து குடியேறிய ஜாவாக்காரர்கள், பஞ்சார்காரர்கள், தண்ணீரைப் பங்கிட அவர்கள் கண்ட வழிகள்.